ஆபரேஷனுக்குப் பின் ஏன் பிதற்றுகிறார்கள்?

(கூடலூரில் நடைபெற்ற அன்பர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  இத்தகைய கூடுகைகளில் கட்டடங்களைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நேரக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இதை அறிந்து வைத்திருப்பதால் ஓர் உயிர் தப்பக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

எழுபத்தைந்து வயதுள்ள ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து கொல்லைப்புறம் போகையில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. கம்பத்துக்கோ, தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ கொண்டுபோகிறார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. அன்று மாலை கண் விழித்து மகனிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். கொஞ்சம் கஞ்சியும் குடிக்கிறார். எல்லாருக்கும் நிம்மதி.

மறுநாள் இரவு நிலைமை மாறுகிறது. "கதவைத் தொறங்கடா, மாடு கத்துது" என்கிறார். என்றோ இறந்துபோன தம்பி சுவரோரம் நிற்கிறான் என்கிறார். கையில் ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குகிறார். பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு தாயி?" என்று கேட்கிறார். விடிந்தால் ஓரளவு தெளிவாக இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே கதை.

வராந்தாவில் நிற்கும் உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "மயக்க மருந்து அதிகமாப் போச்சு" என்பார் ஒருவர். "முதுகில போட்ட ஊசி மூளைக்கு ஏறிருச்சு" என்பார் இன்னொருவர். "அந்தக் கட்டில்ல யாரோ செத்திருக்காங்க, அதுதான் பிடிச்சிருச்சு" என்று ஒரு பெரியம்மா சொல்வார். "வயசாச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு, இனிமே இப்படித்தான்" என்று வேறொருவர் முடித்து வைப்பார். இந்த நான்கில் ஒன்றும் சரியான விளக்கமல்ல. ஆனால் நான்கும் ஊருக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. அடுத்த தெருவில் ஒரு தாத்தா விழுந்து எலும்பு முறிந்தால், "ஆபரேஷன் வேண்டாம்பா, புத்தி கெட்டுப்போகும். வீட்டிலேயே கட்டுப் போட்டுப் பார்த்துக்கலாம்" என்ற முடிவுக்கு வீட்டாரைக் கொண்டுபோய்விடுகின்றன.

அதற்குப் பின் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வருகிறது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா காண்கிறது. காலில் ரத்தம் உறைகிறது. அவருடைய உயிரைக் கொண்டுபோவது எலும்பு முறிவல்ல, படுக்கை. ஆகவேதான் இந்தப் பிதற்றல் என்ன, எங்கிருந்து வருகிறது, எதனால் குறைகிறது என்பதை இன்று உங்களுக்கு விளங்கச் சொல்ல விரும்புகிறோம்.

ஜன்னி என்ற பழைய சொல்

நம் முன்னோருக்கு இது அறியாத காரியமல்ல. கடும் காய்ச்சலில் ஒருவர் சம்பந்தமில்லாமல் உளறினால், "ஜன்னி கண்டுவிட்டது" என்று சொன்னார்கள். குழந்தைக்கு வரும் வலிப்பையும் அதே சொல்லால் குறித்தது உண்டு. எப்படியானாலும், உடம்பில் பற்றிய சூடு மூளையைக் கலக்கும் என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் பிதற்றலும் அந்த ஜன்னிக்கு நெருங்கிய சொந்தம்தான். மருத்துவர்கள் இதை 'டெலிரியம்' என்பார்கள். காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம் என்பதுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

விரலில் ஒரு முள் குத்தினால் என்ன நடக்கிறது? அந்த இடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமாபுரி எழுத்தாளர் குறித்து வைத்தார். இதற்கு 'அழற்சி' என்று பெயர். இது கெட்ட காரியமல்ல. சேதமான திசுவைச் சுத்தம் பண்ணி, கிருமியை எதிர்த்து, புண்ணை ஆற்றுவதற்கு உடல் செய்யும் ஏற்பாடு அது. அடிபட்ட உயிரணுக்கள் முதலில் அபாய அறிவிப்புக் கொடுக்கின்றன. அதைக் கேட்டு ஓடிவரும் வெள்ளை அணுக்கள், 'சைட்டோகைன்' என்னும் ரசாயனச் செய்திகளை வெளியிட்டு மற்ற அணுக்களை அழைக்கின்றன.

காயம் சிறியதானால் செய்தி அந்த இடத்தோடு நின்றுவிடும். இடுப்பு எலும்பு முறிவும், அதைச் சரிசெய்யும் பெரிய ஆபரேஷனும் அப்படியல்ல. தேக்கடியில் மதகைத் திறந்தால், மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர் கேம்ப் வந்து, பள்ளத்தாக்கு முழுவதும் பாய்கிறதல்லவா? அதுபோலக் காயத்தில் எழுந்த செய்திகள் ரத்தத்தில் கலந்து உடல் எங்கும் போய்ச் சேருகின்றன. அவற்றில் ஒன்றான 'இன்டர்லூகின்-6' கல்லீரலுக்குப் போனதும், கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் கண்டறியப்பட்ட புரதம் இது. கொரோனா நாட்களில் அந்தப் பரிசோதனையின் பெயர் நம் வீடுகளிலும் புழங்கிற்று. ஆபரேஷன் ஆனவருக்கு இந்த சி.ஆர்.பி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரியவர்கள் பிதற்றத் தொடங்குவதும் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்தான்.

மூளைக்கு எப்படிப் போகிறது?

மூளையைச் சுற்றி ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர், மற்ற இடங்களைக் காட்டிலும் நெருக்கமாக அடைக்கப்பட்டது. வேலி போட்ட தோட்டம் போன்றது. ரத்தத்தில் உள்ள எல்லாமும் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் அழற்சியின் செய்திகள் இந்த வேலியைத் தளர்த்திவிடக் கூடியவை. வேலிக்கு உள்ளே 'மைக்ரோக்ளியா' என்னும் காவல் அணுக்கள் இருக்கின்றன. வெளியே கலகம் என்று அறிந்ததும் அவையும் விழித்துக்கொண்டு, தாங்களும் அதே விதமான ரசாயனங்களைச் சுரக்கின்றன. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவது அப்போது தடுமாறுகிறது. கவனம் நிற்பதில்லை. நினைவு பதிவதில்லை. பகலும் இரவும் மாறிப்போகின்றன.

இதை ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் சோதித்தார்கள். நிக்கோலோ டெராண்டோ, மெர்வின் மேஸ் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் மயக்க மருந்து கொடுத்து எலியின் கால் எலும்பை முறித்து, கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். பின்னர் அந்த எலிகளுக்கு நினைவு குறைந்திருந்தது. டி.என்.எஃப். என்ற ஒரு சைட்டோகைனை மட்டும் முன்கூட்டியே தடுத்துவிட்டபோது அந்தக் குறை தடுக்கப்பட்டது. இது 2010ஆம் ஆண்டு வெளியானது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் மூளையின் வேலி தளர்ந்து, நினைவுக்கு உரிய பகுதிக்குள் வெளியிலிருந்து வெள்ளை அணுக்கள் புகுந்ததையும் காட்டினார்கள். காலில் பட்ட காயம் தலையில் நினைவைக் கெடுக்க முடியும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எலியைப் பற்றிச் சொன்னால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிடிக்காது. யாரிடமும் பேசப் பிடிக்காது. போர்வையை இழுத்து மூடிச் சுருண்டு படுப்பீர்கள். அதெல்லாம் மூளை இடும் கட்டளை. 'உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது, நீ ஓய்ந்திரு' என்று அது சொல்கிறது. ஆகவே உடலின் அழற்சி மூளையைத் தொடுவது நம் எல்லாருக்கும் நடப்பதுதான். இளைஞனுக்கு அது சோர்வோடு நின்றுவிடும். முதியவருடைய மூளையில் காவல் அணுக்கள் ஏற்கனவே பாதி விழித்த நிலையில் இருக்கும். சிறு சத்தத்துக்கும் பெரிதாக எழுந்துவிடும். மறதி நோய் உள்ளவருக்கும், முன்பு பக்கவாதம் வந்தவருக்கும், காதும் கண்ணும் மங்கியவருக்கும் இன்னும் எளிதாக வரும்.

மயக்க மருந்துதான் காரணமா?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1955ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர், மயக்க மருந்து முதியோரின் மூளையைக் கெடுக்கிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார். அதன்பின் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரைப் பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டன. ஒரு வாரம் கழித்து 100 பேரில் ஏறக்குறைய 26 பேருக்கு நினைவிலும் சிந்தனையிலும் குறைவு இருந்தது. மூன்று மாதம் கழித்து அது 100க்கு 10 ஆகக் குறைந்திருந்தது. ஆக்ஸிஜன் குறைந்ததாலோ ரத்த அழுத்தம் இறங்கியதாலோ இது வரவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது.

முழு மயக்கம் கொடுப்பதைவிட முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் நல்லதா? இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்து 2021இல் முடிவு சொன்னார்கள். முதுகு ஊசி போட்டவர்களில் 100க்கு 20.5 பேருக்கும், முழு மயக்கம் கொடுத்தவர்களில் 100க்கு 19.7 பேருக்கும் டெலிரியம் வந்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சீனாவில் 950 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வும் இதையே காட்டிற்று. ஆகவே முதுகில் போட்ட ஊசியைக் குற்றம் சொல்வதற்கும் இடமில்லை; "முதுகு ஊசிதான் போடணும்" என்று டாக்டரிடம் பிடிவாதம் பிடிப்பதற்கும் இடமில்லை. எந்த முறை ஏற்றது என்பதை நோயாளியின் இருதயத்தையும் நுரையீரலையும் பார்த்து மயக்க மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

அழற்சியை அணைத்துவிடக் கூடாதா?

அழற்சிதான் மூளையைத் தொடுகிறது என்றால், மருந்து கொடுத்து அதை அணைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் பார்த்திருக்கிறார்கள். இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 7,507 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் டெலிரியம் ஒரே அளவில், 100க்கு சுமார் 8 பேருக்கு, வந்தது. அடுப்புத் தீ கூரையில் பற்றும் என்று பயந்து அடுப்பையே அணைத்துவிட்டால் சோறு வேகாது. புண் ஆறுவதற்கும் கிருமியைத் தடுப்பதற்கும் அழற்சி வேண்டும். அதை முழுதும் அடக்கிவிட்டு முதியவரைக் காப்பாற்றும் மருந்து இன்று நம் கையில் இல்லை.

அப்படியானால் கத்தியே படாமல் இருந்துவிட்டால்? இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அழற்சி ஆபரேஷன் மேசையில் தொடங்குவதில்லை. பாட்டி கீழே விழுந்து எலும்பு முறிந்த அந்த நிமிஷமே தொடங்கிவிடுகிறது. முறிந்த எலும்பு ஒவ்வோர் அசைவிலும் உரசுகிறது, ரத்தம் கசிகிறது, வலி தூங்கவிடுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே ஜன்னி கண்டுவிடும் முதியோரும் உண்டு. 17 நாடுகளில், நம் இந்தியாவும் உட்பட, இடுப்பு எலும்பு முறிந்த 2,970 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, முறிவு கண்டறியப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 6 மணி நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. மற்றவர்களுக்கு அதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆயிற்று. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டெலிரியம் சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களில் 100க்கு 9 பேருக்கும், தாமதமானவர்களில் 100க்கு 12 பேருக்கும் வந்தது. புத்தி கெடும் என்று பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள், எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்கே வழி திறக்கிறார்கள்.

உறவின் கையில் உள்ள மருந்து

அழற்சி உள்ளிருந்து வரும் அடி. வெளியிலிருந்தும் ஓர் அடி வருகிறது. கண்புரை ஆபரேஷன் செய்து இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருந்த காலத்தில், அந்த முதியோரில் சிலர் இரவில் கட்டைப் பிடுங்கி எறிந்து அலறினார்கள். 1958இல் பாஸ்டனைச் சேர்ந்த இரு மருத்துவர்கள் இதை விவரித்து, 'கறுப்புக் கட்டு டெலிரியம்' என்று பெயரிட்டார்கள். கண்ணில் பட்ட காயம் சிறியது. ஆனால் வெளிச்சமும் முகங்களும் மறைந்துபோனதே மூளையைத் தடுமாற வைத்தது. பெரிய காயத்தின் அழற்சியோடு இந்த இருட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றி மகன் பைக்குள் வைத்துவிடுகிறார். காது கருவி வீட்டில் இருக்கிறது. பகலா இரவா என்று தெரியாத அறை. வந்து போகும் எல்லாரும் புதிய முகங்கள். அந்த வேளையில் பாட்டிக்குத் தன் வீட்டுத் தொழுவம் ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. அதனால்தான் மாடு கத்துகிறது என்கிறார்.

வெளியிலிருந்து வரும் இந்த அடியைத் தடுக்க நம்மால் முடியும். 1999இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், மருத்துவமனையில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரைப் பற்றி எழுதினார்கள். இவர்கள் ஆபரேஷனுக்காக வந்தவர்கள் அல்ல, பொது மருத்துவ நோயாளிகள். ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று அடிக்கடி எடுத்துச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். கண்ணாடியும் காது கருவியும் போட்டுவிட்டார்கள். எழுப்பி நடக்க வைத்தார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பானம் கொடுத்து, சத்தத்தைக் குறைத்தார்கள். இவர்களில் 100க்கு 9.9 பேருக்கு மட்டுமே டெலிரியம் வந்தது. மற்றப் பிரிவில் 100க்கு 15 பேருக்கு வந்தது. 2001இல் பாஸ்டனில் இடுப்பு எலும்பு முறிந்த 126 முதியோரிடம், முதியோர் நல மருத்துவர் தினமும் வந்து மருந்து, வலி, சிறுநீர், உணவு, நடை ஆகியவற்றைக் கவனித்தபோது, 100க்கு 50 பேருக்கு வந்தது 32 ஆகக் குறைந்தது.

இவற்றில் பல, நம் நாட்டில் கட்டிலருகே துணைக்கு இருக்கும் சொந்தக்காரர்கள் செய்யக்கூடியவை என்பதைக் கவனித்தீர்களா? துணைக்கு ஆள் இருப்பதைத் தொந்தரவாக எண்ணும் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மிஷனெரி மருத்துவர் 1957இல் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்கவேண்டும் என்ற முறையை ஏற்படுத்தினார். குடும்பமும் சிகிச்சையில் ஒரு பங்கு என்பது நம் மாநிலத்தில் அந்த நாளிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆபரேஷன் ஆன முதியோர் விஷயத்திலும் அது அவ்வளவு உண்மை.

நீங்கள் செய்யவேண்டியவை

ஆபரேஷனுக்கு முன்: பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் முதியோரின் மூளையைக் குழப்பக்கூடியவை. மறதி முன்பே உண்டானால் மறைக்காமல் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வரும் நடுக்கமும் பிதற்றலும் வேறு வகை. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

ஆபரேஷனுக்குப் பின்: கண்ணாடி, காது கருவி, பல் செட் மூன்றையும் டாக்டர் அனுமதித்தவுடன் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். இரவில் விளக்கைத் தணித்துத் தூங்க விடுங்கள். "அப்பத்தா, நான் உங்க பேரன். இது தேனி ஆஸ்பத்திரி. நேத்து இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கேட்ட கேள்வியையே பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரமும் அப்படியே சொல்லுங்கள். அவர் காண்கிற மாட்டைப் பற்றி வழக்காட வேண்டாம். "பக்கத்து வீட்ல தண்ணி காட்டிட்டாங்க, நீங்க தூங்குங்க" என்றால் போதும். டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் கொடுங்கள். எழுந்து உட்காரவும் நடக்கவும் சொன்ன அன்றே நடக்க வையுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அடங்காத வலியும் ஜன்னியைக் கூட்டும். கை கால்களைக் கட்டுவது பயத்தையும் ஆவேசத்தையும் வளர்க்கும். கட்டுவதற்குப் பதிலாக ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டை மெதுவாகப் பாடலாம், ஜெபிக்கலாம். ஜெபித்துவிட்டு நர்ஸிடமும் போய்ச் சொல்லுங்கள்.

ஏன் சொல்லவேண்டும் என்றால், பிதற்றல் பல வேளைகளில் வேறோர் ஆபத்தின் மணியோசை. சிறுநீர் அடைத்திருக்கலாம், சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கலாம், நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம், ரத்தத்தில் உப்போ சர்க்கரையோ குறைந்திருக்கலாம். "பேய் பிடிச்சிருக்கு" என்று விபூதிக்கோ மந்திரத்துக்கோ போனாலும், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டாலும் அந்தச் சில மணி நேரங்கள் வீணாகின்றன. ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. எல்லாரும் கத்துவதில்லை. சிலர் சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுவார்கள், சாப்பிட மாட்டார்கள். "அம்மா சாதுவா இருக்காங்க, தொந்தரவே இல்ல" என்று நாமும் மகிழ்ந்திருப்போம். அதுவும் இதே நோய்தான். மருத்துவமனைகளில் அதிகமாகத் தவறிப்போவது இந்த அமைதியான வகைதான். நேற்று இருந்ததைப் போல இன்று இல்லை என்று முதலில் அறியக்கூடியவர் வீட்டார் ஒருவரே. டாக்டர் அவரை நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தார். நீங்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கிறீர்கள்.

பின்னர் என்ன ஆகும்?

பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தெளிவு வந்துவிடும். சிலருக்கு வாரங்கள் ஆகும். ஒரு சிலருக்கு, ஏற்கனவே மெல்லத் தொடங்கியிருந்த மறதி நோய் இதனால் வெளிப்பட்டு நின்றுவிடுவதும் உண்டு. உண்மையை மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறோம். ஆகவே வீட்டுக்கு வந்து மூன்று மாதம் வரைக்கும் கணக்கு வழக்கு, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, அடுப்பு ஆகியவற்றில் ஒரு கண் வைத்திருங்கள். தெளிவு வருவதற்கு முன் எந்தப் பத்திரத்திலும் அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வாங்காதீர்கள். அந்த நாட்களில் அவர் திட்டியதையும் சந்தேகப்பட்டதையும் மனதில் வைக்காதீர்கள். அவை அவருடைய வார்த்தைகளல்ல. அவருக்கே சில காட்சிகள் அரைகுறையாக நினைவிருந்து வெட்கப்படுவார். "ஒண்ணும் தப்பாப் பேசலம்மா, உடம்பு சூடு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். நம் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். மீதமுள்ள பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டால்தான் கட்டிலருகே உட்கார முடியும். பெண்கள் வார்டில் இரவில் மகன் தங்க அனுமதி இருக்காது. ஆகையால் அண்டை வீட்டாரும் உறவின்முறையும் முறை வைத்துத் துணைக்கு இருப்பதை நாங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறோம். வார்டில் பெரிய எழுத்தில் ஒரு காலண்டர், சத்தமில்லாத ஒரு கடிகாரம், ஜன்னலோரம் ஒரு கட்டில், துணைக்கு வருபவர் உட்கார ஒரு நாற்காலி ஆகியவை மருந்துப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. ஆனாலும் மேலே சொன்ன ஆய்வுகளில் முதியோரின் மூளையைக் காத்தவை இவற்றைப் போன்றவைதான்.

இன்று வீட்டுக்குப் போனதும் இந்தச் செய்தியை ஒருவருக்காவது சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். விழுந்து எலும்பு முறிந்தவரை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆபரேஷன் என்றால் புத்தி போய்விடும் என்று யாராவது சொன்னால், அது காயத்தின் சூடு, பெரும்பாலும் தணிந்துவிடும் என்று சொல்லுங்கள். போகும்போது பையில் அவருடைய கண்ணாடியை மறக்காமல் எடுத்து வையுங்கள்.